இல்லாத கால் பிடித்த பிரேக்

ஜனவரி 27

டாக்டரம்மா எழுதச் சொன்னார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "மனசுல படுறத எழுதுங்க, யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பட்டாளத்தில் முதலில் கற்றுக்கொடுப்பதே எதிர்க்கேள்வி கேட்காமல் இருக்கத்தான்.

ஆகவே எழுதுகிறேன். இன்று அரிசியும் உளுந்தும் ஊறவைத்தேன். கேஸ் வந்தது. மாடியில் துணி காயப்போட்டேன். எதிர்வீட்டு மாடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போட்டேன். பெண்டாட்டியின் நைட்டியை நான் உதறிப் போடுவதை யாரும் பார்க்க வேண்டாம்.

நேற்று குடியரசு தினம். என் மைத்துனன் எத்திராஜ், பெண்டாட்டி நிர்மலாவின் தம்பி, போன வருடம் இதே நாளில் ஊர் முனையில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தான். 'எங்கள் மண்ணின் வீரத்திருமகன் ஹவில்தார் பலராமன்.' எனக்குப் பின்னால் ஒரு பீரங்கி, ஒரு கழுகு. நான் காஷ்மீரில் கண்ணிவெடியை மிதித்தேன், அவ்வளவுதான். மிதிப்பதில் என்ன வீரம் இருக்கிறது? அந்த ஃப்ளெக்ஸ் இப்போது பால்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. மழைக்கு என் மூஞ்சி நன்றாகத் தாங்குகிறதாம், அவரே சொன்னார்.

ஜனவரி 30

நிர்மலா ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னை ஸ்கூட்டியில் வேலூருக்கு, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

எனக்கு வலது கால் முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். அதைத் தூக்கி வண்டிக்கு அந்தப் பக்கம் போட வராது. அதனால் பின்னால் ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும். புடவை கட்டிய பொம்பளை மாதிரி, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு. முன்னால் பெண்டாட்டி ஓட்டுகிறாள். ஒவ்வொரு மேட்டுக்கும், "ஏங்க, நல்லா புடிச்சிக்கினீங்களா?" என்று கேட்கிறாள். அவள் அக்கறையாகத்தான் கேட்கிறாள். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டீக்கடை வருவதற்கு முன்பே இறங்கிவிடுவேன். கடையைத் தாண்டி நடந்துபோய் மறுபடி ஏறிக்கொள்வேன். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து "வாங்க சார்" என்பார்கள். நிர்மலா தள்ளி வண்டியை நிறுத்தி, செல்போனைப் பார்ப்பதுபோல நிற்பாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

பிப்ரவரி 2

என் மகள் கனிஷ்கா தன் அம்மாவோடு உள்ளறையில் படுத்துக்கொள்கிறாள். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். உள்ளறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பாதி திறக்காது. எனக்கு ஹால். டி.வி. பழுதாகிப் போனதிலிருந்து ஹால் விசாலமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன்.

கனிஷ்கா எட்டாவது படிக்கிறாள். பள்ளி விட்டதும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் ருக்கு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறாள். ருக்கு அக்கா ஸ்கூலில் ஆயாவாக இருந்தவர், தனிக்கட்டை. அவரும் ஒரு செவலை நாயும்தான் அந்த வீட்டில். நாய்க்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்தது என் மகள். படிக்கும்போது அது அவள் காலடியில் படுத்துக்கொள்ளும். நம் வீட்டில் சத்தமாக இருக்கிறதாம். வீட்டில் நானும் குக்கரும்தான் இருக்கிறோம். இரண்டில் எது சத்தம் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பர்னபாஸ் வந்தான். என் யூனிட்காரன், ஆம்பூர் பக்கம். அவனுக்கு இடது கால் தொடையோடு போனது. கியரைக் கையால் போட ஒரு கம்பி வைத்து, இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் பூட்டிய புல்லட்டில், தெருவே அதிர வந்து நின்றான். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. எனக்கு அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினால் போதும் என்றிருந்தது.

"இன்னாடா அப்பிடி பாக்குற? நாலு சக்கரம். காரு வச்சிகிறேன்னு ஊர்ல சொல்லிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னாள் பட்டாளத்தான்கள் சிலர் சேர்ந்து அமிர்திக் காடு வரைக்கும் வண்டி ஓட்டுகிறார்களாம். ஒவ்வொருவனுக்கும் ஒரு பாகம் இல்லை. "எல்லாரையும் சேத்து எண்ணினா மூணு முழு ஆளு தேறும்டா" என்றான். டாக்டரம்மாதான் என் விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாத்திரைக்குக் கேட்காதது இதற்குக் கேட்கிறதாம்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த என் புல்லட்டை இருவரும் சேர்ந்து வெளியே தள்ளினோம். பார்த்துவிட்டு பர்னபாஸ் சொன்னான்: "பின் பிரேக்கு வலது கால்ல கீது. அத கைக்குக் கொண்டாந்துடு. இடது கைப்புடியில ஒரு லிவரு போதும். அத மாட்டுற வரைக்கும் பின்னால யாரையும் ஏத்தாத. இன்னா, காதுல உழுதா?"

விழுந்தது என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓட்டினேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இல்லாத வலது காலின் கட்டைவிரல் எனக்கு மூன்று வருடமாக எரிகிறது. இல்லாத விரலுக்கு எந்தத் தைலத்தைத் தடவுவது? இன்று பர்னபாஸ் காட்டியபடி வலது பக்கம் நின்று, இடது காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன். வண்டி நகர்ந்ததும் எரிச்சல் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒன்று, அந்தப் பாதம் பெடலின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. அமிர்தி வரை போய்த் திரும்பினோம். வழியில் யாரோடும் பேசவில்லை, பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

பேண்ட், ஷூ, ஹெல்மெட். என் பக்கத்தில் வந்து நின்ற பஸ்காரன் கண்ணுக்கு நான் ஒரு முழு ஆள்.

பிப்ரவரி 20

லிவர் மாட்டவில்லை. செயற்கைக் கால் பெடலில் நன்றாகவே உட்காருகிறது. லிவரை மாட்டினால் கைப்பிடியைப் பார்த்தவுடனே எவனுக்கும் தெரிந்துவிடும். பர்னபாஸுக்கு வெட்கமில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 24

ஏழு மணி வரை தூங்கியிருக்கிறேன். நிர்மலா எழுப்பவில்லை. பால் பாக்கெட்டை எடுக்க வந்தவள் என்னைத் தாண்டிப் பூனை மாதிரி நடந்து போனதாகக் கனிஷ்கா சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் 3

கனிஷ்கா இரண்டு நாளாக ஹாலில் பாய் போட்டுப் படிக்கிறாள். நேற்று அப்படியே தூங்கியும் போனாள். உள்ளறையில் காற்று குறைந்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நிர்மலாவின் பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து. பிரியாணி. திரும்பும்போது ரைஸ்மில் வளைவில் நாய் குறுக்கே வந்தது. நிர்மலாவுக்கு இடது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

மார்ச் 10

சமையல் நான். நிர்மலாவுக்குத் தலை பின்னிவிட்டது கனிஷ்கா. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை அவளுக்கு, ஒரு கையால் ஆகாது. சூப்பர்வைசருக்கு போன் போட்டுச் சொன்னாள். பேசும்போது சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

எத்திராஜ் ஓடி வந்தான். அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

"எப்பிடி மாமா உழுந்தீங்க?"

"நாய்டா" என்றாள் நிர்மலா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதும் அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள்.

"எந்த நாயி மாமா?"

அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். எந்த நாய் என்று ஒருவன் கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும். செவலை என்றேன்.

மார்ச் 12

கனிஷ்கா கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, செவலை நாயின்னு மாமாகிட்ட சொன்னியா?"

"ஏன்?"

"நம்ம பக்கத்துல செவலை பிஸ்கட் ஒண்ணுதான். அன்னிக்கி அது எங்கூடவே இருந்துச்சி. நீங்க வர்ற வரைக்கும் எங்கூடத்தான் இருந்துச்சி."

"வேற நாயா இருக்கும்" என்றேன். நிர்மலா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். தண்ணீர் ஏற்கெனவே என் பக்கத்தில் இருந்தது.

மார்ச் 13

எத்திராஜ் தன் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, பிஸ்கட்டைச் சாக்கில் கட்டிப் போட்டுக்கொண்டு போய்ப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டானாம். "எங்க அக்கா கைய ஒடச்ச நாயி இந்தத் தெருவுல இருக்கக்கூடாது" என்று தெருவில் நின்று சத்தம் போட்டிருக்கிறான். ருக்கு அக்கா அவன் காலில் விழுந்தாராம். கனிஷ்கா பள்ளி விட்டு வரும்போது பார்த்திருக்கிறாள்.

நான் அப்போது ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். பருப்பு போடவில்லை.

மார்ச் 14

கனிஷ்கா என்னோடு பேசவில்லை.

மார்ச் 15

அதேதான். ஏதாவது வேண்டுமென்றால், "அவர்கிட்ட கேட்டு சொல்லும்மா" என்கிறாள். நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

ரைடுக்குப் போகவில்லை. கால் புண்ணாக இருக்கிறது என்று பர்னபாஸுக்குச் செய்தி அனுப்பினேன். இன்னொரு பொய்.

நாய் வரவில்லை. எந்த நாயும் வரவில்லை.

எழுதிவிட்டேன். இனி நடந்தது நடந்தபடி. காதுகுத்துக்குப் போகும்போது நிர்மலா ஸ்கூட்டியை எடுத்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். "இன்னிக்கி நீ பின்னால ஒக்காரு" என்றேன். அவள் புல்லட்டைப் பார்த்தாள், கைப்பிடியைப் பார்த்தாள். லிவரைப் பற்றி பர்னபாஸ் சொன்னது அவளுக்கும் தெரியும். பிறகு ஏறிக்கொண்டாள். டீக்கடை முன்னால் வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹவில்தார் பலராமன் தன் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப்போகிறார். மூன்று வருடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான நிமிடம் வேறு இல்லை.

திரும்பும்போது ரைஸ்மில் வளைவில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது. நிறைய தூரம் இருந்தது. பின் பிரேக்கை அழுத்தினேன். நிஜமாக அழுத்தினேன். பாதம் அமுங்குவது தெரிந்தது, பெடல் கீழே போவதுகூடத் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக் கால் பெடலிலிருந்து நழுவி சும்மா தொங்குகிறது. நான் அழுத்தியது என்னிடம் இல்லாத காலால். பதறிப்போய் முன் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தேன். கீழே ஜல்லி. வண்டி சரிந்தது.

அவள் ஜல்லியில் கிடந்தாள். நான் "புடிச்சேன் நிர்மலா, புடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அவள் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதலில் என் காலைத்தான் நேராகப் பூட்டிவிட்டாள்.

இன்று காலை கனிஷ்கா ருக்கு அக்கா வீட்டுக்குப் போனதும் நிர்மலாவிடம் கேட்டேன், ஏன் நாய் என்று சொன்னாய் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையால்.

"அப்புறம் இன்னா சொல்லச் சொல்றீங்க? இல்லாத கால்ல பிரேக் புடிச்சாருன்னா? எத்திராஜ் அன்னிக்கே வண்டிய வித்துட்டிருப்பான்."

"விக்கட்டுமே."

"விக்கட்டுமா?" அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அந்த வண்டி வந்தப்புறம்தாங்க நானும் என் பொண்ணும் கதவ தாப்பா போடாம தூங்குறோம்."

டி.வி. பழுதாகவில்லை. தீபாவளிக்கு மறுநாள் யாரோ மிச்சப் பட்டாசை வெடித்தார்கள். நான் கையிலிருந்த குக்கரைத் தூக்கி எறிந்தேன். டி.வி.யின் பக்கத்தில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. காற்று வருகிறதாம் என்று எழுதினேன்.

"நாய்னு நான் சொன்னேன். அதுக்கு செவலைன்னு நிறம் குடுத்தது நீங்க" என்றாள். பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 18

பர்னபாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கால் போனவன் எவனுக்கும் ஒரு வாட்டி இது நடக்கும். எனக்கும் நடந்துச்சி, இல்லாத கால ஊனி எறங்கப் பாத்தேன், பல்லு போச்சி. உம்மேல எனக்குக் கோவம் இல்லடா. உன் ரோஷத்து மேலதான் கோவம். அதுக்குக் கால் கை எல்லாம் நல்லாத்தான் கீது."

அவனே கூட்டிப்போய் லிவரை மாட்டவைத்தான். திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினோம். ஒருவன்கூடக் கைப்பிடியைப் பார்க்கவில்லை. இதற்காகவா ஒரு மாதம் பயந்தேன்?

மார்ச் 22

எத்திராஜைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்தக் கெழவி என் கால்ல உழுந்தா மாமா. தட்டி உட்டுட்டு வந்தேன். என்னப் பாவி ஆக்கிட்டியே மாமா." இதுவரை என்னை அவன் 'நீ' என்று பேசியதில்லை. எங்கே விட்டான் என்று மட்டும் சொன்னான். பாலம் தாண்டி, டோல்கேட்டுக்கு முன்னால், தென்னந்தோப்பு ஓரம்.

மார்ச் 23, ஞாயிறு

ருக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கனிஷ்கா அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் கேட்கட்டும் என்று அல்ல. அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, அவள் இல்லாமல் சொன்னால் அது இன்னொரு ஒளிப்பு.

நின்றுகொண்டே சொன்னேன். ருக்கு அக்கா உட்காரச் சொல்லவில்லை.

"உனக்குக் கால் போச்சின்னு சேதி வந்தப்ப இந்தத் தெருவே அழுதுச்சி தம்பி. நானும் அழுதேன்" என்றார். பிறகு, "அதுக்கு சோறு வச்ச தட்டு. இன்னும் கழுவல" என்று மூலையைக் காட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

கனிஷ்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

மார்ச் 26

தினமும் காலையில் பாலம் தாண்டிப் போகிறேன். உலகத்தில் இத்தனை செவலை நாய்கள் இருப்பது எனக்குத் தெரியாது. தோப்பில் இரண்டு, டோல்கேட்டில் ஒரு கூட்டம், தாபா ஓட்டலுக்குப் பின்னால் ஒரு குடும்பமே. "பிஸ்கட்" என்று கூப்பிட்டால் டோல்கேட்காரர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நாய்கள் புல்லட் சத்தத்துக்கே ஓடுகின்றன. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

லிவர் நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தப் பாதம்தான் அழுத்துகிறது, பிறகுதான் கை. நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

தாபாவில் பூ விற்கிற அம்மா, காது கிழிந்த செவலை ஒன்று ஆற்றோரம் சுற்றுவதாகச் சொன்னார். பிஸ்கட்டுக்கு ஒரு காது கிழிந்திருக்கும். பார்த்தேன். தூரத்தில் நாணல் பக்கம் நின்றது. நான் நொண்டிக்கொண்டு பத்தடி இறங்குவதற்குள் போய்விட்டது. அதுதானா, தெரியவில்லை. அதுவாக இருந்தால், என் குரல் என்பதால் வரவில்லை.

ஏப்ரல் 2

விஷயத்தைச் சாப்பாட்டின்போது சொன்னேன். கனிஷ்கா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"நான் கூப்ட்டாதான் வரும்னு அவர்கிட்ட சொல்லும்மா."

நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 5

நிர்மலா அவளை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனாள். பஸ் டோல்கேட்டில்தான் நிற்கிறது. அங்கிருந்து ஆற்றோரம் நடந்து, வெயிலில் இருவரும் சுருண்டு வந்தார்கள். நாய் பஸ் ஸ்டாப்பிலா காத்திருக்கும்? மாவுக்கட்டுக்குள் வியர்த்து நிர்மலாவுக்கு அரிப்பு. பின்னல் ஊசியைக் கொடுத்து மெல்லச் சொறிந்துவிட்டேன்.

எத்திராஜின் வண்டியைக் கேட்கலாம். அவன் இந்தப் பக்கமே வருவதில்லை. அக்காவிடம் மட்டும் போனில் பேசுகிறான்.

ஏப்ரல் 8

டாக்டரம்மாவிடம் அந்த ஒரு நொடியைச் சொன்னேன். குக்கரையும் சொன்னேன். எழுதுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 12

காலையில் வண்டியை எடுக்கும்போது நிர்மலா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் மாவுக்கட்டு.

"மொதல்ல நான் ஒக்கார்றேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாதா?"

தெரியும். மகளை ஏற்றுவதற்கு முன் தன்னை ஏற்றிப் பார்க்கிறாள். ஒடிந்த கையோடு. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த ஒரு நொடியைப் பற்றி அவளிடம் சொன்னேன். வாசலிலேயே, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, அந்த நொடிய நான் பாத்துக்கிறேன். ஏறுங்க" என்றாள்.

தெருமுனை தாண்டியதும் தொடங்கினாள். "பிரேக்!" வேகத்தடைக்குப் பத்தடி முன்னால். கை பிடித்தது. "பிரேக்!" ஆட்டுக்குட்டி. "பிரேக்!" ஒன்றுமே இல்லை, சும்மா ஒத்திகை பார்த்தாள். டீக்கடை முன்னால் ஷூ கம்பெனி மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரலில் ஒரு "பிரேக்!" போட்டாள். பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ரைஸ்மில் வளைவில் மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முதுகில் தெரிந்தது. நானே பிடித்தேன். முதலில் கை. அந்தப் பாதம் பிறகுதான் அழுத்தியது.

பாலம் வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் அவள் தூளியைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கி அவளக் கூட்டினு போங்க."

"என்ன நம்பறியா?"

"நம்பல. பயந்துக்கினேதான் அனுப்புறேன். நீங்களும் பயந்துக்கினே ஓட்டுங்க."

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பறித்துவர நிர்மலா சொல்லியிருக்கிறாள், இன்னும் பறிக்கவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நிர்மலா மகளுக்கு ஹெல்மெட் பட்டையை இறுக்கினாள், மறுபடி தளர்த்தி மறுபடி இறுக்கினாள். கனிஷ்கா ஏறி உட்கார்ந்தாள். என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகப் போனேன். சைக்கிள்காரன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போனான். போகட்டும்.

ஆற்றோரம் போய்த்தான் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். தெருமுனையிலேயே தொடங்கிவிட்டாள்.

"பிஸ்கட்! பிஸ்கட்டூ!"

அது திரும்பி நடந்து வந்துகொண்டிருக்கலாம் அல்லவா, வழியில் எங்காவது படுத்திருக்கலாம். அவள் கணக்கு சரிதான். என் காதுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேகமாகப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேகமாகப் போனால் அவள் கூப்பிடுவது நாய்க்குக் கேட்காது. மெதுவாகவே போனேன்.

டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சு நிறைய ஆள். மாஸ்டர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா சார், காலங்காத்தால அப்பா பொண்ணு ரெண்டு பேரும் யாரத் தேடுறீங்க?"

வண்டியை நிறுத்தினேன். கையால்தான். இடது காலை ஊன்றிக்கொண்டேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். பின்னால் கனிஷ்கா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சும்மா காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம், சிரித்துக்கொண்டே இரண்டு டீ சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ருக்கு அக்கா நாயிண்ணே" என்றேன். "அன்னிக்கி ரைஸ்மில் கிட்ட அது குறுக்க வரல. ஒரு நாயும் வரல. எனக்குப் பிரேக் புடிக்க வரல. நான்தான் என் பொண்டாட்டியக் கீழ போட்டேன். போட்டுட்டு நாய் மேல பழி சொன்னேன். அதத்தான் தேடுறோம்."

பெஞ்சில் ஒருவர் டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கைப்பிடியில் இருந்த லிவரைப் பார்த்தார், பிறகு என் ஷூவைப் பார்த்தார். முதல்முறையாக ஊர் முன்னால் எனக்குக் கால் இல்லை. முகம் எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

என் தோளில் ஒரு கை விழுந்தது. கம்பியை விட்டுவிட்டு எட்டிப் பிடித்திருக்கிறாள்.

"போலாம்ப்பா" என்றாள் கனிஷ்கா. "இன்னிக்கி ஆத்துக்கு அந்தப் பக்கம் நான் இன்னும் கூப்புடவே இல்ல."